ஜேன் ஒஸ்ரின் கதைகளில் மணமும் முதுசொமும்

ஆங்கிலக் கவிஞர் மலையையும் அருவியையும் பாடிக்கொண்டிருந்த காலத்திலே, ஹம்ஷயர் நாட்டுப்புறப் பாதிரியார் ஒருவரின் மகள் வீடு, நிலம், வருமானம் என்பவற்றைக் கதைக்குப் பொருளாக்கினார். ஜேன் ஒஸ்ரினின் நாவல்களைக் காதற் கதைகளென்றே பலர் படித்துவிடுகின்றனர். காதல் அவற்றில் உண்டு. ஆயினும், தந்தை கண்மூடியபின் பெண்மக்கள் எங்கே குடியிருப்பர் என்னும் வினாவே அவற்றின் அடியில் ஓடுகின்றது.

அக்கால இங்கிலாந்தில் நிலபுலங்கள் பெரும்பாலும் மூத்த ஆண்மகனையே சேர்ந்தன. முதுசொம் ஆண்வழியிற் செல்லவேண்டுமென முன்னோர் விதித்திருப்பின், மகனில்லாத வீடு தூரத்து உறவினன் கைக்குப் போய்விடும். தனி உடன்படிக்கை இல்லாவிடின், மணமான பெண்ணின் பணமும் தேட்டமும் கணவனுக்கே உரியன. 1870ஆம், 1882ஆம் ஆண்டுச் சட்டங்களே இந்நிலையை மாற்றின.

1811இல் வெளிவந்த 'சென்ஸ் அன்ட் சென்சிபிலிற்றி' நாவலின் தொடக்கத்தை நோக்குக. மாற்றாந்தாய்க்கும் தங்கையர் மூவருக்கும் உதவுவதாக, இறக்குந் தறுவாயிலிருந்த தந்தைக்கு வாக்களிக்கிறான் ஜோன் டாஷ்வூட். ஆளுக்கு ஆயிரமாக 3,000 பவுண் கொடுக்க எண்ணுகிறான். மனைவி பேசத் தொடங்குகிறாள். 3,000 பவுண் 1,500 ஆகிறது. பின்பு தாய்க்கு ஆண்டுதோறும் 100 பவுண் என்றாகிறது. அதுவும் போய், இடைக்கிடை 50 பவுண். முடிவில், வீடு மாறும்போது சிறு உதவி, பருவத்திலே மீனும் வேட்டையிறைச்சியும்! கடுஞ்சொல் ஒன்றும் எழவில்லை. வாக்கைக் காத்த மனநிறைவே அவனுக்கு மிஞ்சுகிறது. கொடுமையை இத்துணை நயமாகக் காட்டியவர் மிகச் சிலரே.

1813இல் வந்த 'பிறைட் அன்ட் பிறெஜுடிஸ்' நாவலில், 27 வயதுச் சார்லட் லூக்கஸ் மூடனாகிய கொலின்ஸை மணக்க இசைகிறாள். அவளை எள்ளுவது எளிது. தமக்கை கன்னியாகவே காலங்கழிப்பாளோ என்ற அச்சம் தம்பியருக்கு நீங்கியது என ஆசிரியர் போகிற போக்கிற் கூறுவதைக் கவனித்தவர் எள்ளமாட்டார்.

ஒஸ்ரின் தாமோ வேறு வழி சென்றார். 1802 டிசெம்பரில், பெருநிலமொன்றுக்கு உரித்தாளனான ஹரிஸ் பிக்-விதர் அவரை மணங்கேட்டான். மாலையில் இசைந்தவர் மறுநாட்காலை மறுத்துவிட்டார். 1805இல் தந்தை இறந்தார். தாயும் மகளிர் இருவரும் சகோதரர் உதவியை நம்பி வீடுவீடாக மாறினர். செல்வக் குடும்பமொன்று சுவீகாரங்கொண்ட சகோதரர் எட்வேட், 1809இல் சோட்டன் கிராமத்திலே வீடொன்றை அளித்தார். அங்கிருந்தே நாவல்கள் அச்சுக்குச் சென்றன. 'பிறைட் அன்ட் பிறெஜுடிஸ்' உரிமைக்கு 150 பவுண் விரும்பியவர் 110 பவுணுக்கே அதனை விற்றார். முதல் நாவல் அவருக்கு ஈட்டித் தந்தது 140 பவுண். பிக்-விதரை மணந்திருந்தால், அதுவும் சட்டப்படி கணவனுடையதாயிருக்கும்.