எண்ணினால் ‘ஃபியூவர்’, அளந்தால் ‘லெஸ்’

‘நேற்றைவிட இன்று பால் குறைவு.’ ‘முன்பைவிட இப்போது மரங்கள் குறைவு.’ ரப்பர் பாலுக்கும் மரத்துக்கும் தமிழில் ‘குறைவு’ என்ற ஒரே சொல் போதும். ஆங்கிலத்தில் பாலுக்கு ‘லெஸ்’, மரங்களுக்கு ‘ஃபியூவர்’. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் தடுமாறும் இடங்களில் இதுவும் ஒன்று.

எண்ணக்கூடியதற்கு ‘மெனி’, அளக்கக்கூடியதற்கு ‘மச்’. அதிகமாகும்போது சிக்கலில்லை, இரண்டுக்கும் ‘மோர்’, எல்லாவற்றிலும் அதிகமென்றால் ‘மோஸ்ட்’. குறையும்போதுதான் பாதை பிரிகிறது. எண்ணுபவை ‘ஃபியூ, ஃபியூவர், ஃபியூவஸ்ட்’ என்றும், அளப்பவை ‘லிட்டில், லெஸ், லீஸ்ட்’ என்றும் போகும்.

பணத்தை எண்ணத்தானே செய்கிறோம் என்று பிள்ளைகள் கேட்பது நியாயமே. எண்ணுவது வெள்ளியை, ‘மணி’ என்ற சொல் ஆங்கிலத்தில் அளவாகவே நிற்கிறது. அதனால் ‘மச் மணி’, ‘மெனி ரிங்கிட்’. ஆனால் பத்து வெள்ளியை ஒரே தொகையாகப் பார்ப்பதால் ‘லெஸ் தேன் டென் ரிங்கிட்’ என்பதே வழக்கு. நேரம், தூரத்துக்கும் இப்படித்தான். ‘ஹோம்வொர்க்’, ‘ஃபர்னிச்சர்’ ஆகியவை பன்மை ஏற்காதவை. ‘மெனி ஹோம்வொர்க்ஸ்’ என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

‘மோர் பெட்டர்’ நம் ஊரில் அடிக்கடி காதில் விழும். மலாயில் ‘லெபே பாய்க்’ என்று சொல்லிப் பழகிய நாக்கு. ‘பெட்டர்’ என்பதிலேயே ‘மோர்’ அடங்கியிருக்கிறது. அழுத்திச் சொல்ல ‘மச் பெட்டர்’ எனலாம்.

ஆங்கிலேயர்களும் இதில் ஒழுங்கானவர்கள் அல்லர். பழைய ஆங்கிலத்தில் எண்ணுபவற்றுக்கும் ‘லெஸ்’ வந்தது. 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் ‘ஃபியூவர்’தான் நயமானது என்று தம் விருப்பத்தை எழுதினார், பின்னாளில் அது விதியாகிவிட்டது. பிரிட்டனின் டெஸ்கோ பேரங்காடி, பத்துப் பொருள்களுக்குள் வாங்குவோர் வரிசையில் எந்தச் சொல்லை எழுதுவது என்ற வாதத்துக்கு 2008இல் முடிவுகட்டி, ‘அப் டு டென் ஐட்டம்ஸ்’ என்று பலகையை மாற்றியது.

இவற்றைவிடக் கவனம் தேவைப்படுவது ‘எ’ என்ற ஓரெழுத்து. ‘எ லிட்டில்’ என்றால் கொஞ்சம் உண்டு. வெறும் ‘லிட்டில்’ என்றால் இல்லை என்றே சொல்லலாம். ‘எ ஃபியூ’, ‘ஃபியூ’ வேறுபாடும் அதுவே. வேலை நேர்முகத்தில் ‘ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்’ என்பவர், கொஞ்சம் அனுபவம் உண்டு என்று நினைத்துச் சொல்கிறார். எதிரே இருப்பவருக்கு அனுபவமே இல்லை என்று கேட்கிறது.