முதிய தம்பதியரிடையே வீட்டு வன்முறையும் உறவுத் துணையும்: தம்பிலுவில்

தம்பிலுவில், இலங்கையின் அம்பாறை மாவட்டக் கரையோரத்தில், திருக்கோவில் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள தமிழ்க் கிராமம். கண்ணகி அம்மன் கோயிலால் பெயர் பெற்றது. கல்முனை, அக்கரைப்பற்று உள்ளிட்ட இக்கரையின் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிமுறை நிலவுகிறது. கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணுக்குச் சேரும். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற மானிடவியலாளரின் அக்கரைப்பற்று ஆய்வு நூல் (2008) இம்முறையை விரிவாக விளக்குகிறது.

இளம் மனைவிக்கு இதைவிடப் பெரிய காவல் இல்லை. தாயும் தமக்கையும் பெரியம்மாவும் அடுத்தடுத்த வளவில் இருப்பார்கள். கணவன் கை ஓங்கினால் வேலிக்கப்பால் கேட்டுவிடும். முதுமையில் அந்தக் காவல் தளர்கிறது. வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவில் சிறுவீடு கட்டிப் போவது இங்குள்ள வழக்கம். முன்பு தட்டிக்கேட்க வந்த பெரியவர்கள் இறந்துபோயிருப்பார்கள். அடியை வெளியே சொன்னால் மருமகன் முன் மகளுக்குத் தலைகுனிவு என்று தாய் வாய் திறப்பதில்லை. சொன்னாலும், “இந்த வயசில என்ன பொலிசு?” என்று உறவே சமாதானம் பேசி அனுப்பிவிடும். துணையாக நிற்கவேண்டிய உறவு இப்படித் தடையாவதே இச்சிக்கலின் கடினமான பகுதி.

வீடு பெண்ணுக்குச் சேரும் இம்முறைக்கு மாறாக, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்கில் கட்டிக்கொடுத்த வீடுகள் பல, குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆண்களுக்கு எழுதப்பட்டன. பெண்கள் அமைப்புகள் அப்போதே இதை எதிர்த்தன. சரியான எதிர்ப்பு அது.

இலங்கையின் 2019 பெண்கள் நல்வாழ்வு ஆய்வின்படி, துணைவருடன் வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் துணைவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருந்தார். உலகின் பல ஆய்வுகள் 49 வயதோடு நின்றுவிடுவதால் முதிய பெண்களின் துன்பம் கணக்கில் வருவது குறைவு.

முதியோர் உரிமைகளுக்கான 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் பராமரிப்புச் சபை, கவனிக்காத பிள்ளைகள்மீதான முறைப்பாடுகளையே விசாரிக்கிறது. கணவனின் அடிக்கு உதவுவது 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். இதில் வயது வரம்பில்லை. மனத் துன்புறுத்தலும் அடங்கும். நீதவான் நீதிமன்றம் 14 நாள் இடைக்காலக் கட்டளையும், பின்னர் 12 மாதம்வரை பாதுகாப்புக் கட்டளையும் வழங்கலாம். வன்முறை செய்தவர் வீட்டுக்குள் வருவதையும் தடுக்கலாம். நீதிமன்றம் போகத் தயங்குபவர் சார்பில் பொலிஸ் அதிகாரியே விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும், அரச வைத்தியசாலைகளில் இயங்கும் நட்பு நிலையங்களிலும், 1938 என்ற தொலைபேசி இலக்கத்திலும் உதவி கேட்கலாம்.