பிரம்பு நாற்காலி போன தூரம்

சுருளிப்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. தாத்தா உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் குழி விழுந்துவிட்டது. பிரம்பு பின்னுகிறவர் வந்தால் முதல் வேலையாக அதைக் கவிழ்த்துப் போடுவார். பழைய பிரம்பை அறுத்தெடுத்து, சட்டத்தைச் சுற்றியுள்ள துளைகளைக் குச்சியால் குத்தித் துப்புரவாக்குவார். தண்ணீரில் ஊறிய பிரம்பு நாரை நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, மூலைவாட்டில் இரண்டு என்று ஓட்டி முடிக்கும்போது எட்டு மூலைக் கண்கள் தானாக விழும். “தொளதொளன்னு இருக்கேய்யா, நல்லா இழுத்துக் கட்டுங்க” என்பார் அப்பத்தா. “ஈரத்துல ரொம்ப இழுத்தா காயயில தெறிச்சுரும் ஆத்தா. காஞ்சா அதுவே முறுக்கேறிக்கிரும்” என்று அவர் நிமிராமலே சொல்வார்.

பிரம்பு ஐரோப்பாவில் விளைகிற பொருள் அல்ல. 17-ஆம் நூற்றாண்டில் கீழைநாட்டு வணிகக் கப்பல்களில்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. இத்தாலிக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘கன்னா திந்தியா’, அதாவது இந்தியப் பிரம்பு. அங்கே போகிற பிரம்பில் பெரும்பங்கு தென்கிழக்காசியக் காடுகளுடையது. ஆனாலும் பெயரில் நம் நாடு ஒட்டிக்கொண்டது.

மிலான் நகருக்கு வடக்கே மேதா என்று ஓர் ஊர். சுற்றிலும் தச்சுப் பட்டறைகள் நிறைந்த வட்டாரம். 1927-இல் சேசரே, உம்பர்த்தோ என்ற சகோதரர்கள் அங்கே தொடங்கியதுதான் காசினா என்ற மரச்சாமான் நிறுவனம். அந்த நிறுவனத்துக்காகக் கட்டடக் கலைஞர் ஜியோ பொன்ட்டி வடிவமைத்து, 1957-இல் வெளிவந்த நாற்காலியின் பெயர் சூப்பர்லெஜ்ஜேரா. ‘மிக மிக லேசானது’ என்று பொருள். எடை 1.7 கிலோ. ஒரு சிறுவன் ஒற்றை விரலில் தூக்கி நிற்பதாகத்தான் விளம்பரம் செய்தார்கள். ஆஷ் மரக் கால்களை முக்கோண வாட்டத்தில் 18 மில்லிமீட்டராக இழைத்திருந்தார்கள். உட்காரும் இடம் பிரம்புப் பின்னல். ஆணியோ இரும்போ தாங்காமல், மரப் பொருத்தும் பின்னலின் இழுவையும் சேர்ந்து ஆளைத் தாங்கும் நாற்காலி அது. பொன்ட்டி இதை வெறுமையிலிருந்து உருவாக்கவில்லை. கியாவரி என்ற கடற்கரை ஊரில் 1807-இல் தெஸ்கால்சி என்ற தச்சர் செய்த லேசான நாற்காலிதான் மூலம். மேதாக்காரர்கள் அந்தத் தச்சர் பெயரை மறைக்கவில்லை. எனக்கு அவர்களிடம் பிடித்தது அதுதான்.

1964-இல் லெ கொர்பூசியே, பியர் ஜான்னரே, ஷார்லொத் பெரியாந்த் ஆகிய வடிவமைப்பாளர்களின் நாற்காலிகளைச் செய்யும் உரிமையைக் காசினா வாங்கியது. அந்த லெ கொர்பூசியேதான் பிரிவினைக்குப் பின் பஞ்சாபின் புதிய தலைநகரான சண்டிகரைத் திட்டமிட்டவர். அவருக்கு உறவில் தம்பி முறையான ஜான்னரே 1965 வரை அங்கேயே இருந்து வேலை பார்த்தார். அலுவலகம், நூலகம், கல்லூரி என்று எல்லாவற்றுக்கும் நாற்காலி வேண்டியிருந்தது. தேக்கும் பிரம்பும்தான் கைக்குக் கிடைத்தவை. கவிழ்த்துப் போட்ட ‘வி’ எழுத்துப் போன்ற கால்கள், முதுகிலும் இருக்கையிலும் அதே எட்டு மூலைக் கண்கள். இந்தியக் கட்டடக் கலைஞர் யூலி சௌத்ரிக்கு இந்த வேலையில் பங்குண்டு. இழைத்தவர்கள் அந்த வட்டாரத் தச்சர்கள்.

பிறகு நடந்ததை எழுதவே மனம் கசக்கிறது. இரும்பும் பிளாஸ்டிக்கும் வந்ததும் பிரம்பு அறுந்த நாற்காலிகள் மொட்டைமாடியிலும் கொல்லையிலும் குவிந்தன. கழிவாக ஏலம் போயின. அயல்நாட்டு வியாபாரிகள் வாங்கிக் கொண்டுபோய்ப் பழுது பார்த்து, பாரிஸ், லண்டன், நியூயார்க் ஏலங்களில் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றார்கள். நம் தொல்பொருள் சட்டம் நூறு வயதான பொருளைத்தான் காக்கும். இவற்றுக்கு அந்த வயதில்லை. 2011-இல்தான் இவற்றை விற்கக் கூடாது என்று மத்திய உள்துறை உத்தரவு போட்டது. 2019-இல் காசினா, ஜான்னரேவுக்கு அஞ்சலி என்ற பெயரில் சண்டிகர் நாற்காலிகளைப் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது.

இத்தாலிக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வரைந்தவர் பெயரைச் சொல்லித்தான் விற்கிறார்கள். குறை நம்முடையது. சண்டிகரில் உளி பிடித்தவர்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்? எங்கள் கம்பம் வட்டாரத்துப் பந்தல்களில் தொங்கும் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கம்பம் என்ற பெயர் இனி அந்தப் பழத்தை விட்டுப் போகாது. எங்கள் திண்ணை நாற்காலிக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதைப் பின்னியவர் பெயரை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அப்பத்தா “ஐயா” என்றே கூப்பிட்டுவிட்டார்.

உங்கள் வீட்டிலும் பிரம்பு அறுந்த நாற்காலி ஒன்று பரணில் கிடக்கலாம். பழைய சாமான் வண்டிக்குப் போடுவதற்கு முன் சட்டத்தைத் தட்டிப் பாருங்கள். மரம் உளுத்துப்போகாமல் இருந்தால் பின்னுகிறவரைத் தேடிப் பிடியுங்கள். வேலை முடிந்ததும் அவர் பெயரையும் ஊரையும் தேதியையும் அடிச்சட்டத்தில் அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.