சமையலறை அலமாரி: நாமே செய்யும்போது கவனிக்க வேண்டியவை

தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் பூசும்போதுதான் பல குடும்பங்களில் சமையலறை அலமாரி பற்றிய பேச்சும் எழும். கதவு தொங்கிப் போயிருக்கும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் பலகை ஊறி உப்பியிருக்கும். புதிதாகச் செய்து தரும்படி குத்தகையாளரைக் கேட்டால், அவர் சொல்லும் தொகை மலைக்க வைக்கும். பலகையை அளவு சொல்லி வெட்டி வாங்கி, நாமே பூட்டிக்கொண்டால் கூலி மிச்சமாகும். ஆனால் தண்ணீரைத் தடுக்கத் தெரியாமல் செய்த அலமாரி சில ஆண்டுகளிலேயே மீண்டும் செலவு வைத்துவிடும்.

வீடு யாருடையது?

தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடு என்றால், சுவரில் துளையிடும் முன் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. வேலை ஓய்வு பெறும்போது அந்த வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரியைப் பெயர்த்து எடுத்துப் போக முடியாது. ஆகவே, 2 அடி அகலத்தில் தனித்தனிப் பெட்டிகளாகச் செய்து, பக்கத்தில் பக்கம் வைத்துத் திருகாணியால் இணைத்துக்கொள்ளலாம். வீடு மாறும்போது கழற்றி லாரியில் ஏற்றிவிடலாம். வாடகை வீட்டுக்காரர்களுக்கும் இதே வழிதான்.

எந்தப் பலகை?

கடையில் விலை மலிவாகக் கிடைப்பது சிப்போர்டு. மரத்தூளையும் சிறு துண்டுகளையும் பசையில் அழுத்திச் செய்தது. மேலே மெலமின் தாள் ஒட்டியிருந்தாலும், வெட்டிய விளிம்பு வழியாகத் தண்ணீர் ஏறினால் உப்பிவிடும். காய்ந்த பிறகும் பழைய நிலைக்கு வராது, திருகாணியும் பிடிக்காது. பிளைவுட் விலை கூடுதல் என்றாலும் ஈரத்தைச் சற்றுத் தாங்கும், திருகாணியை இறுகப் பிடிக்கும். அலுமினியச் சட்டத்தில் செய்யும் அலமாரியைக் கரையான் அரிக்காது, தண்ணீரிலும் ஊறாது.

பணம் குறைவாக இருந்தால் கலந்து செய்யலாம். தொட்டிக்கு அடியில் வரும் பெட்டிக்கு மட்டும் பிளைவுட் அல்லது அலுமினியம், மற்றவற்றுக்குச் சிப்போர்டு. எதுவானாலும் வெட்டிய ஒவ்வொரு விளிம்பிலும், கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்திலும்கூட, விளிம்பு நாடா ஒட்ட வேண்டும். குழாய்க்காகப் போடும் துளையின் ஓரத்தில் சிலிக்கோன் பூசிவிட வேண்டும்.

அளவில் வரும் தவறு

பலகையின் தடிப்பைக் கழிக்க மறப்பதுதான் முதன்முறை செய்பவர்களிடம் அதிகம் காணும் தவறு. 18 மி.மீ. பலகையில் 600 மி.மீ. அகலப் பெட்டி செய்வதாக வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கப் பலகைகளும் 720 மி.மீ. உயரம், 560 மி.மீ. ஆழம். நடுவில் வரும் அடிப்பலகையின் அகலம் 600 அல்ல; இரு பக்கத் தடிப்பான 36 மி.மீ. போக 564 மி.மீ. மட்டுமே. மேலே முன்னும் பின்னும் 100 மி.மீ. அகலத்தில் இரண்டு குறுக்குச் சட்டங்கள் போதும். பின்னால் 6 மி.மீ. பலகை அடிக்கலாம்.

8 அடிக்கு 4 அடி பலகை ஒன்றில் இத்தகைய பக்கப் பலகைகள் ஆறு கிடைக்கும். அளவுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் பல பலகைக் கடைகளில் இயந்திரத்தில் நேராக வெட்டித் தருவார்கள்.

மேடையின் உயரத்தைச் சமைப்பவரை நிற்க வைத்து முடிவு செய்யுங்கள். முழங்கையை மடக்கி நிற்கும்போது அதிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருந்தால், காய் நறுக்கும்போது முதுகு வலிக்காது.

தரையைத் தொடக்கூடாது

வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊற்றிச் சமையலறையைக் கழுவுவது நம் வீடுகளில் வழக்கம். பெட்டியின் பலகை தரையில் உட்கார்ந்திருந்தால் அந்த நீரை உறிஞ்சும். 4 அங்குல உயரமுள்ள பிளாஸ்டிக் கால்களைப் பொருத்துங்கள். அவற்றைத் திருகி உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். தரை மேடு பள்ளமாக இருந்தாலும் பெட்டி மட்டமாக நிற்கும். கால்களை மறைக்கும் முன்பலகையைக் கழற்றும்படி வைத்தால், கரையான் மண்கோடு ஏறுகிறதா என்று அவ்வப்போது குனிந்து பார்க்கலாம்.

சுவரில் மாட்டும் அலமாரி

தட்டும் டின்னும் நிறைந்த அலமாரி விழுந்தால் கீழே நிற்பவருக்கு ஆபத்து. திருகாணி சிமெண்டுப் பூச்சோடு நின்றுவிடாமல் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். பிளாஸ்டிக் பிளக் போட்டு, பெட்டிக்குக் குறைந்தது நான்கு இடங்களில் பிடிக்க வேண்டும். பின்னாலிருக்கும் மெல்லிய 6 மி.மீ. பலகையில் மட்டும் திருகாணி அடிக்கக்கூடாது. தடித்த சட்டம் வைத்து அதில் அடியுங்கள். பலகைச் சுவர் உள்ள பழைய வீடுகளில், உள்ளிருக்கும் மரத்தூண் எங்கே என்று தேடி அதில்தான் பிடிக்க வேண்டும்.

மின்விசை, பிளக் ஆகியவற்றுக்கு நேர் மேலும் கீழும் துளையிடாதீர்கள். மின்கம்பி பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும். அரிசி, கிரைண்டர் போன்ற கனமானவற்றுக்குக் கீழ்ப்பெட்டியே இடம்.

எரிவாயு தோம்பு

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். தோம்பைக் கதவு போட்ட பெட்டிக்குள் அடைத்தால் கசிவு வெளியே தெரியாமல் உள்ளேயே சேரும். அந்தப் பெட்டிக்குக் கதவு போடாமல் விடுவது சிறந்தது. போட்டே ஆக வேண்டுமென்றால் கதவின் அடிப்பகுதியில் காற்றுப் போக்கி வையுங்கள். ரப்பர் குழாய் அடுப்பின் சூட்டில் படாமலும், பலகை விளிம்பில் உராயாமலும் இருக்கட்டும்.

கதவுகளைக் கடைசியில் வெட்டுங்கள். பெட்டிகளை எல்லாம் மட்டம் பார்த்து நிறுத்திய பிறகு அளந்தால்தான் இடைவெளி சரியாக வரும். ஒரே நாளில் முழுச் சமையலறையையும் பிரித்துப் போட வேண்டாம். ஒரு பெட்டியை முடித்து, ஒரு மாதம் பயன்படுத்திப் பாருங்கள். கதவு நேராக நின்று, அடிப்பலகை காய்ந்திருந்தால் அடுத்த பெட்டிக்குப் பலகை வாங்கலாம்.