எந்திரத்தோடு சேர்த்துப் பதிவாகும் ஆள்: குரோம்புக் நிர்வாகப் பரீட்சையின் முன்கதை

தமிழ்நாட்டில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் பண்ணியவர்களின் சான்றிதழ் ரெமிங்டனுக்கோ ஃபேசிட்டுக்கோ கட்டுப்பட்டதல்ல. ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல். அந்த வேகத்தில் அடிக்கத் தெரிந்த விரல்களுக்கு அரசாங்கத்தின் தொழில்நுட்பக் கல்வித்துறை கொடுக்கிற சான்று அது. எந்தக் கம்பெனி மெஷினில் பழகினாய் என்று கேள்வி இல்லை. ஒருமுறை பாஸ் பண்ணினால் பண்ணியதுதான். மெஷின் செய்த கம்பெனி மூடிப்போனாலும் தாள் செல்லும்.

இன்றைக்குக் கம்ப்யூட்டர் நிர்வாக வேலைக்குப் போகிறவர் கையில் இருக்கிற சான்றிதழ் வேறு ரகம். கூகுள் நிறுவனத்தின் 'புரொஃபஷனல் குரோம்ஓஎஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' பரீட்சையை எடுத்துக்கொள்வோம். ஒரு பள்ளியோ ஆஸ்பத்திரியோ அலுவலகமோ வாங்கி வைத்திருக்கிற நூற்றுக்கணக்கான குரோம்புக் மடிக்கணினிகளை ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி நிர்வகிப்பது எப்படி என்பதுதான் பாடம். எந்திரத்தை இயக்குகிற மென்பொருளின் சொந்தக்காரரே பாடத்தை வகுக்கிறார், கேள்வியை வைக்கிறார், பாஸா ஃபெயிலா என்றும் சொல்கிறார். சான்றிதழுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதைத் தயாரிப்புக் கையேடுகள் பேசாது. நாம்தான் பேசவேண்டியிருக்கிறது.

1964இல் ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம் 360ஐ அறிவித்த காலத்தில் கம்ப்யூட்டர் என்பது குளிரூட்டிய அறைக்குள் இருந்த பெரிய எந்திரம். பிறகு அதோடு இணைக்கப்பட்ட டெர்மினல்கள் மேஜைகளுக்கு வந்தன. டெர்மினலுக்கென்று சொந்தப் புத்தி கிடையாது. எல்லாம் நடுவில் இருந்தது. 1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது இந்த ஒழுங்கு கொஞ்சம் கலைந்தது. ஊழியரின் மேஜையில் அவருடைய ஃபைல், அவருடைய ஃபிளாப்பி. பிடித்த புரோகிராமை அவரே போட்டுக்கொள்வார். விடுதலை என்று இதைக் கொண்டாடிவிட வேண்டியதில்லை. ஆனால் நிர்வாகத்துக்கு இது தலைவலியாக இருந்தது என்பது மட்டும் உண்மை.

அந்தத் தலைவலிக்கு மருந்தாக வந்ததுதான் நெட்வொர்க். சிதறிக்கிடந்த பிசிக்களைக் கோத்துக் கட்டியதில் நாவெல் கம்பெனியின் நெட்வேர் முன்னால் நின்றது. கோத்துக் கட்டினால் மேய்க்க ஆள் வேண்டுமே! 'சர்ட்டிஃபைடு நெட்வேர் எஞ்சினியர்' பிறந்தது இப்படித்தான். 1992இல் மைக்ரோசாஃப்டும் தன் சான்றிதழ்த் திட்டத்தைத் தொடங்கியது. கம்பெனிக்கு இதில் இரட்டை லாபம். தன் சரக்கைத் தாங்கிப் பிடிக்கிற ஒரு தொழிலாளர் படையை, சம்பளப் பட்டியலில் வைத்துக்கொள்ளாமலே அது உருவாக்கிக்கொண்டது. பயிற்சிச் செலவோ தொழிலாளி தலையில். 90களின் பிற்பகுதியில் நம் நகரங்களிலும் எம்சிஎஸ்ஈ என்ற நான்கெழுத்து, வேலைக்கான மந்திரம்போல விளம்பரப் பலகைகளில் தொங்கியது.

மந்திரத்துக்கு ஆயுள் எவ்வளவு என்பது 2000இல் தெரிந்தது. விண்டோஸ் 2000 வந்ததும், என்டி 4.0இல் எம்சிஎஸ்ஈ வாங்கியவர்கள் 2001 முடிவதற்குள் புதிய பரீட்சைகளை எழுதாவிட்டால் பட்டம் போய்விடும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எந்திரத்துக்கு வெர்ஷன் மாறினால் ஆளுக்கும் மாறவேண்டும் என்பது இதன் பொருள். காசு கொடுத்துப் படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை, எதிர்த்தார்கள். 2001 அக்டோபரில் கம்பெனி இறங்கிவந்தது. பழைய பட்டம் வைத்தவர்களிடமிருந்து அதைப் பறிப்பதில்லை என்றது. சங்கமில்லாத ஒரு தொழிலாளர் கூட்டத்துக்குக் கிடைத்த சிறிய வெற்றி இது. சான்றிதழ் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். கடைசியில் 2021 ஜனவரியோடு எம்சிஎஸ்ஈ என்கிற சான்றிதழே நிறுத்தப்பட்டது. அதற்குள் சரக்கு மேகத்துக்குப் போய்விட்டது.

'மேகம்' என்ற சொல்லே ஒரு மறைப்பு. அது வானத்தில் இல்லை, இன்னொருத்தருடைய கட்டடத்தில் இருக்கிறது. 2009இல் கூகுள் குரோம் ஓஎஸ்ஸை அறிவித்தது. 2011 ஜூனில் சாம்சங், ஏசர் கம்பெனிகள் செய்த முதல் குரோம்புக்குகள் சந்தைக்கு வந்தன. அமெரிக்காவில் அலுவலகங்களுக்கு ஆளுக்கு மாதம் 28 டாலர், பள்ளிகளுக்கு 20 டாலர் என்று சந்தா விலை வைத்தார்கள். மடிக்கணினியோடு கூடவே அதை ஆள்கிற பலகையும் சேர்ந்து விற்பனையானது. 1960களின் டெர்மினல், மடியில் வைக்கிற அளவுக்குச் சுருங்கித் திரும்பி வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

பரீட்சைக்குப் படிக்கிறவர் என்ன படிக்கிறார்? மெஷினை முதலில் நிறுவனத்தின் பெயரில் 'என்ரோல்' செய்யவேண்டும், அதாவது பதிவுசெய்ய வேண்டும். பதிவான மெஷினை முழுக்க அழித்துத் துடைத்தாலும், திரும்ப எழும்போது அது பழைய எஜமானரிடமே பதிவாகும்படி வைக்கலாம். நிறுவனத்தை மரம்போலக் கிளை பிரித்து, மேல்கிளையில் ஒரு பாலிசி வைத்தால் கீழே இருக்கிற எல்லோருக்கும் அது இறங்கும். பயனருக்கு வைத்த பாலிசி ஆளோடு போகும். எந்திரத்துக்கு வைத்த பாலிசி, யார் உட்கார்ந்தாலும் எந்திரத்தோடு இருக்கும். எந்தத் தளத்தைத் திறக்கலாம், எந்த நீட்சி கட்டாயம், தொலைந்த மெஷினை எப்படி முடக்குவது, எல்லாம் கன்சோலில் உண்டு. இதில் பயனுள்ளவையும் பல உண்டு. பாதுகாப்பு அப்டேட் தானாக வருகிறது. திருடு போனாலும் பாடம் தொலையாது. ஆனால் படிக்கிறவர் உலகத்தைப் பார்க்கிற இடம் எப்போதும் மரத்தின் உச்சிதான். கீழே இருக்கிற குழந்தை அவருக்கு ஒரு வரி, ஒரு கணக்கு.

பரீட்சை என்பது கண்காணிப்பும் தரம் பிரிப்பும் ஒன்றாகச் சேர்கிற சடங்கு என்று 1975இல் ஃபூக்கோ எழுதினார். 1990இல் டெலூஸ், இனி அடைத்துவைக்கிற நிறுவனங்களின் காலம் போய்த் தொடர் கட்டுப்பாட்டின் காலம் வருகிறது. பள்ளியின் இடத்தில் முடிவில்லாத பயிற்சியும், பரீட்சையின் இடத்தில் இடைவிடாத கட்டுப்பாடும் வரும் என்றார். நடந்தது இன்னும் கொஞ்சம் மோசம். பரீட்சையும் போகவில்லை, கட்டுப்பாடும் வந்துவிட்டது. காலாவதியாகிற சான்றிதழ் இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறது. நிர்வாகி மெஷினைப் பதிவுசெய்கிறார். நிறுவனம் நிர்வாகியைப் பதிவுசெய்கிறது. இருவருக்கும் அப்டேட் உண்டு, தேதி உண்டு.

தொலைவிலிருந்து ஆள்கிற இந்த அதிகாரம் கற்பனைப் பயம் அல்ல. அமெரிக்காவில் பிலடெல்பியாவுக்கு அருகே லோயர் மெரியன் பள்ளி மாவட்டம் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் (அவை ஆப்பிள் மெஷின்கள்) திருட்டைக் கண்டுபிடிக்கிற மென்பொருள் வழியாக மாணவர்களை வீட்டுக்குள்ளேயே படமெடுத்தன. 50,000க்கு மேற்பட்ட படங்கள். 2010இல் வழக்கு வந்தது. அதே ஆண்டில் மாவட்டம் 610,000 டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. கன்சோலை இயக்கத் தெரியாததால் நடந்த தவறா இது? நன்றாகவே தெரிந்திருந்தது.

டென்மார்க்கில் ஹெல்சிங்கர் நகராட்சிப் பள்ளிகளில் குரோம்புக்கையும் கூகுள் சேவைகளையும் பயன்படுத்த அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஜூலையில் தடை போட்டது. தடை சீக்கிரமே தளர்த்தப்பட்டது, தகராறு தொடர்ந்தது. நாம் கவனிக்க வேண்டியது, விஷயத்தைக் கிளப்பியவர் யார் என்பதை. சான்றிதழ் வைத்திருந்த நிர்வாகி அல்ல, ஒரு குழந்தையின் தகப்பன். எந்திரங்களின் ஆயுள் விஷயமும் இப்படித்தான். அப்டேட் நிற்கிற தேதி வந்ததும் நல்ல குரோம்புக்குகள் குப்பைக்குப் போவதை 2023 ஏப்ரலில் அமெரிக்க நுகர்வோர் அமைப்பு ஒன்று அறிக்கையாக்கியது. செப்டம்பரில் கூகுள் 10 ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்தது. தேதிகள் இயற்கை விதி அல்ல. என்டி எஞ்சினியர்கள் ஒரு தேதியை நகர்த்தினார்கள், இவர்கள் இன்னொன்றை.

பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் படிக்கட்டும், பாஸ் பண்ணட்டும். வயிற்றுப்பாடு இருக்கிறது, அதைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. ஆனால் கேள்வித்தாள் 'எப்படி' என்பதைத்தான் கேட்கும். 'வேண்டுமா' என்பதைக் கேட்காது. அந்தக் கேள்வியைச் சேர்த்துப் படிக்கவேண்டியது வெளியே இருக்கிற நாமும் உள்ளே இருக்கிற அவர்களும்தான். ஒரு பள்ளி தன் மெஷின்களில் என்னென்ன பாலிசி போட்டிருக்கிறது, எந்தத் தகவல் எவ்வளவு காலம் எங்கே கிடக்கிறது, யார் பார்க்கலாம் என்கிற பட்டியலைப் பெற்றோருக்குத் தெரிந்த மொழியில் ஒட்டச் சொல்லிக் கேட்கலாம். அந்தப் பட்டியலை எடுத்துத்தரக்கூடியவர் கன்சோல் முன்னால் உட்கார்ந்திருக்கிற அந்த நிர்வாகிதான். அவரை எதிரியாக வைத்துக்கொண்டு நாம் இந்த வேலையைத் தொடங்க முடியாது.