விலைப்போக்கு அறியுங் குறிகள்

எமதூர் நீர்வேலியில் வாழைத் தோட்டஞ் செய்வோர் ஒருநாள் விலையைக் கொண்டு சந்தையை மதிப்பதில்லை. பல சந்தைகளின் விலையைச் சேர்த்தே ஏற்றமிறக்கம் அறிவர். பங்குச் சந்தையில் ‘நகரும் சராசரி’ என நாம் கேள்விப்படுவதும் இக்கணக்கே.

1896ஆம் ஆண்டில் அமெரிக்கரான சாள்ஸ் டோ தமது கைத்தொழிற் பங்குச் சுட்டெண்ணை வெளியிட்டார். அதே ஆண்டிற் கொழும்பிலும் பங்குத் தரகர் சங்கம் தோன்றியமை வியப்பே! நம் நாட்டு அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 1985ஆம் ஆண்டை 100 எனக் கொண்டது.

அது 2022 ஜனவரியில் 13,000த்தைக் கடந்தது. சராசரிக் கோடும் உடன் ஏறிக்கொண்டிருந்தது. அக்கோட்டை மாத்திரம் நம்பிச் சேமிப்பை இட்டோர்க்கு வீழ்ச்சி முன்னரே புலப்படவில்லை; சென்ற நாட்களின் விலையன்றி அதில் வேறொன்றுமில்லை. நாட்டில் அந்நியச் செலாவணி அருகியதை அது எங்ஙனம் காட்டும்? ஏப்ரல் 12இல் அரசு வெளிநாட்டுக் கடனிறுப்பை நிறுத்தியது. 18ஆந் திகதி முதல் ஐந்து நாட்கள் சந்தையே மூடிக்கிடந்தது.