தாயின் மனமும் சேயின் எடையும்: ஈஜிபுராவை முன்வைத்து ஒரு வரலாறு

பெங்களூரில் கோரமங்கலாவை ஒட்டியுள்ள ஈஜிபுராவில், 1990களின் தொடக்கத்தில், பொருளாதாரத்தில் நலிந்தோருக்கென மாநகராட்சி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டியது. மொத்தம் 1,512 வீடுகள். குடியேறியோரில் தலித்துகள் மிகுதி. தமிழ் பேசுவோரும் மிகுதி. பெண்களில் பலர் கோரமங்கலா வீடுகளில் சமைத்து, பாத்திரம் துலக்கி, பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு பிழைத்தவர்கள். கட்டடங்களின் தரம் விரைவிலேயே வெளிப்பட்டது. 2007இல் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. (1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக அருகிலேயே 'கேம்ஸ் வில்லேஜ்' அடுக்ககம் எழுந்தது என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.) அதன்பின் குடும்பங்கள் அதே நிலத்தில் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்தன. தனியாருடன் கூட்டுச் சேர்ந்து அந்நிலத்தில் வணிக வளாகமும் புதுவீடுகளும் கட்டுவதென மாநகராட்சி முடிவெடுத்தது. 2013 ஜனவரி 18 தொடங்கிச் சில நாட்களுக்குள் கொட்டகைகள் அனைத்தும் காவல்துறைப் பாதுகாப்புடன் இடித்துத் தள்ளப்பட்டன. பலர் கைக்குழந்தைகளோடு அருகிலிருந்த நடைபாதையிலேயே மாதக்கணக்கில் தங்கினர்.

இந்நிகழ்வு வழக்கமாக நில உரிமையின் வரலாற்றில் வைத்துப் பேசப்படுகிறது. அதனைக் குழந்தை வளர்ச்சியின் வரலாற்றிலும் வைத்துப் பார்க்க இடமுண்டு. வீடிழந்த தாயின் மனநிலை அவள் மடியிலுள்ள குழந்தையின் எடையைப் பாதிக்குமா என்ற வினாவிற்கு, இடிப்பு நிகழ்ந்த ஆண்டில் விடை ஏற்கெனவே கிடைத்திருந்தது. அவ்விடையின் கணிசமான பகுதி தென்னிந்தியத் தாய்மாரிடமிருந்தே பெறப்பட்டது.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. கர்நாடகத்தில் தேர்வான இடம் மைசூர் மாவட்டத்தின் டி. நரசிபுரா. அங்கன்வாடியின் மையக் கருவி தராசு. குழந்தையின் எடை மாதந்தோறும் ஒரு வளைகோட்டில் புள்ளியாக விழுந்தது. தாயும் திட்டத்தில் இருந்தாள்: அவளுக்கு இணை உணவு, இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி, ஊட்டச்சத்து அறிவுரை. உணவும் அறிவும் குழந்தையைச் சென்றடையும் வழியாகவே அவள் கருதப்பட்டாள். அந்த வழி சோர்ந்துபோகுமா என்று எவரும் கேட்கவில்லை.

1980இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் சற்று நுட்பமானது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடையேற்றம் தளர்ந்தவர்க்கு மட்டும் குறிப்பிட்ட காலத்திற்குச் சத்துருண்டை வழங்கினர். அதன் பணியாளர் தேர்வில் கவனிக்கத்தக்க ஒரு விதி இருந்தது. உள்ளூர்ப் பெண்ணாக, ஏழையாக இருந்தும் தன் குழந்தைகளை நன்கு வளர்த்தவருக்கே முன்னுரிமை. ஒரே வறுமைக்குள் ஒரு தாயின் குழந்தை தேறுவதும் இன்னொருத்தியின் குழந்தை மெலிவதும் உண்டு என்பதைத் திட்டம் வகுத்தோர் அறிந்திருந்தனர் என்பதே இதன் பொருள். அவ்வேறுபாட்டை அவர்கள் திறமை என்று கொண்டார்கள். தேறாத குழந்தையின் தாயிடம் வேறென்ன இருக்கக்கூடும் என்ற ஆராய்ச்சிக்கு மேலும் இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

கோவாவின் மாப்புசா மருத்துவமனையில் பிரசவித்த பெண்களைப் பின்தொடர்ந்து விக்ரம் பட்டேல் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, 23 விழுக்காட்டுத் தாய்மார் பேற்றுக்குப்பின் மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தனர். வறுமை, கணவனுடன் சுமுகமின்மை, அடி உதை, பிறந்தது பெண்குழந்தை என்பன அதன் பின்னணியில் நின்றன. அடுத்த ஆண்டு வந்த கட்டுரை, அத்தாய்மாரின் குழந்தைகள் ஆறாம் மாதத்தில் எடையிலும் நீளத்திலும் பின்தங்கியதைக் காட்டியது. 2004இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரத்தில், ஊட்டம் குன்றிய 72 குழந்தைகளையும், அதே வயதும் பாலும் வாழிடமும் கொண்ட நலமான 72 குழந்தைகளையும் ஒப்பிட்டனர். மெலிந்த குழந்தைகளின் தாய்மாரிடையே மனச்சோர்வு பல மடங்கு மிகுந்திருந்தது. தராசில் ஏறாத ஒன்று தராசின் முள்ளை நகர்த்துகிறது என்பது இவ்வாறு முதன்முறையாகத் தமிழ் மண்ணில் எண்களால் நிறுவப்பட்டது.

மனச்சோர்வுற்றவள் எழுந்து அடுப்பு மூட்டவே வலுவின்றி இருப்பாள். குழந்தை பசியென்று காட்டும் சிறு குறிப்புகள் அவள் கண்ணில் படுவதில்லை. தாய்ப்பால் சீக்கிரம் நின்றுபோகிறது. வயிற்றுப்போக்கு வந்தால் மருத்துவமனைக்குச் செல்வது ஒரு நாள் தள்ளிப்போகிறது. எல்லா நாட்டிலும் இது ஒரேபோல் நிகழ்வதும் இல்லை. எத்தியோப்பியா, பெரு, வியட்நாம், இந்தியா ஆகிய நான்கு நாடுகளை ஒப்பிட்ட 2005ஆம் ஆண்டு ஆய்வில், தாயின் மனநிலைக்கும் குழந்தையின் வளர்ச்சிக் குறைவுக்குமான தொடர்பு இந்தியாவிலும் வியட்நாமிலும் தெளிவாக நின்றது. மற்ற இரண்டிலும் நிற்கவில்லை. 11 நாடுகளின் 17 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வந்த கணக்கீடு, மனச்சோர்வுற்ற தாயின் குழந்தை எடை குறைந்திருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்றது.

இவ்வளவும் அளக்கப்பட்டது சொற்களால் என்பதை ஊட்டச்சத்து நூல்கள் போதிய அளவு பொருட்படுத்துவதில்லை. பேறுகால மனச்சோர்வை அறிய உலகெங்கும் பயன்படும் எடின்பரோ அளவை, 1987இல் ஆங்கிலம் பேசும் தாய்மாருக்கென உருவான பத்து வினாக்கள் கொண்டது. அதன் தமிழ் வடிவம் 2005இல் வேலூரில் சரிபார்க்கப்பட்டது. கன்னட வடிவமும் பின்னர் வந்தது. முதல் வினா வேடிக்கையைக் கண்டு சிரிக்க முடிகிறதா என்பது. மற்றொன்று முழுக்க முழுக்க ஓர் ஆங்கில மரபுத்தொடரின் மேல் நிற்கிறது. தமிழ்த் தாயோ 'மனசு சரியில்லை' என்பாள்; அதைவிடப் பெரும்பாலும் 'நெஞ்செல்லாம் பாரமா இருக்கு', 'கை கால் ஓடலை' என்று உடலைக் கொண்டே சொல்வாள். பெங்களூரில் சிக்கல் இரட்டிப்பாகிறது. கன்னடம் பேசும் பணியாளர் 'பேஜார்' என்றால் அது வருத்தம், சலிப்பு, மனக்கசப்பு அனைத்தையும் தழுவும். சென்னைத் தமிழில் அதே பாரசீகச் சொல் வெறும் தொல்லை என்றாகிவிட்டது. 'பேஜாரா?' என்று கேட்கப்பட்டவள் எதற்கு விடை சொல்கிறாள் என்பது சிறிய கேள்வி அன்று. அதிலும், மாமியார் அருகில் அமர்ந்திருக்கையில் உரக்க வாசிக்கப்படும் வினாவிற்கு எம்மொழியிலும் ஒரே விடைதான் உண்டு.

அளந்த பின் என்ன செய்வது என்பதற்கு மிகச் சிறந்த சான்று பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலிருந்து வந்தது. அங்கு 40 ஊராட்சிப் பகுதிகளில், கிராமச் சுகாதாரப் பணிப்பெண்களுக்கே பயிற்சியளித்து, வீடுதேடிச் சென்று தாய்மாருடன் பேசவைத்தனர். 2008இல் வெளியான முடிவுகளின்படி, ஆறாம் மாதத்தில் மனச்சோர்வு நீடித்தோர் ஒரு பிரிவில் 53 விழுக்காடு; பேச்சுத்துணை கிடைத்த பிரிவில் 23 விழுக்காடு. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி கூடியது. ஆனால் எடையிலும் உயரத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏற்படவில்லை. இந்த ஆய்வைப் புகழ்வோர் கடைசி வரியை மெல்லத் தாண்டிவிடுகின்றனர். அந்த வரியே முக்கியமானது. தாயின் மனம் தேறுவது அவள் பொருட்டே வேண்டப்படும் நன்மை. குழந்தையின் எடைக்கு அது ஒன்றே போதாது. மனம் சோர்வதற்குக் காரணமான வறுமை அப்படியே இருக்க, பேச்சு மட்டும் குழந்தையை வளர்த்துவிடாது.

ஈஜிபுராவிற்கு இந்த அறிவு தொலைவில் இருக்கவில்லை. தாய்சேய் ஊட்டம் குறித்து ஆராயும் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி கோரமங்கலாவிலேயே உள்ளது. பேறுகால மனநோய்க்குத் தாயையும் சேயையும் பிரிக்காமல் சேர்த்துப் பேணும் நாட்டின் முதல் உள்நோயாளர் பிரிவு, சில கிலோமீட்டர் தள்ளியுள்ள நிம்ஹான்ஸில் 2009இல் திறக்கப்பட்டது. கொட்டகைகள் இடிக்கப்பட்டது அதற்கு நான்கே ஆண்டுகளுக்குப் பின். நகருக்கு வெளியே போகச் சொன்னபோது பலர் மறுத்து நடைபாதையில் கிடந்ததை அதிகாரிகள் பிடிவாதம் என்றனர். வேலை செய்த வீடு நடந்துபோகும் தூரத்தில் இருந்தது; குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியும் அடுத்த கொட்டகைக்காரியும் அங்கேதான் இருந்தார்கள். தாயின் மனத்தைத் தாங்குவன என்று ஆய்வுகள் குறிப்பிடும் வருவாய், துணை, பாதுகாப்பு ஆகிய மூன்றும் அந்தத் தெருவில் இருந்தன.

சட்டமும் அவளுக்குத் துணை நிற்கவில்லை. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் நிறுவனங்களில் பணியாற்றுவோருக்கானதாக இருந்தது. வீட்டுவேலை செய்பவள் அதன் வரம்பிற்கு வெளியே நின்றாள். பேறுகாலத்தில் ஏழைத் தாய்க்கு அரசே பணம் தரும் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டம் 1987 முதல் தமிழ்நாட்டில் உண்டு. ஓசூர் எல்லையைத் தாண்டிக் குடியேறியவளுக்கு அது இல்லை. 2017 அக்டோபரில் கர்நாடக அரசு 'மாத்ருபூர்ணா' என்ற பெயரில் கருவுற்ற, பாலூட்டும் தாய்மாருக்கு நண்பகலில் சூடான முழு உணவு வழங்கத் தொடங்கியது. அங்கன்வாடிக்கு வந்து, அங்கேயே அமர்ந்து உண்ண வேண்டும் என்பது விதி. அந்த நேரத்தில் வீட்டுவேலைக்காரப் பெண் வேறொருவர் சமையலறையில் நின்றுகொண்டிருப்பாள்.